மூழ்கி மூழ்கி எழும் ஆறு

அயர்லாந்தின் மேற்கே, கால்வே கவுண்டியின் தெற்கு ஓரத்தில் கோர்ட் என்று ஒரு சிற்றூர். நீதிமன்றம் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான். ஐரிஷ் மொழியில் வயல் என்று பொருள். 7ஆம் நூற்றாண்டில் மேற்கு அயர்லாந்தின் கானக்ட் பகுதியை ஆண்ட குவாரே என்ற அரசனின் பெயரையும் சேர்த்து, 'குவாரேயின் தீவு வயல்' என்பது முழுப் பெயர். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்கு ஏன் தீவு என்று பெயர் என்கிறீர்களா? ஒரு குளிர்காலம் அங்கே இருந்து பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றும்.

கிழக்கே ஸ்லீவ் ஆட்டி மலை. அது மணற்பாறையும், செடிகொடிகள் அரைகுறையாக மக்கிய கரிச்சேறுமாக (பீட்) இருப்பதால் மழைநீர் கீழே இறங்காமல் ஓடையாக ஓடிவருகிறது. அடிவாரத்தில் சுண்ணாம்புக்கல் சமவெளி தொடங்குகிறது, சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிவிடும். அது வெடிப்புகளில் புகுந்து காலங்காலமாக அரித்து, பாறைக்குள் குகை குகையாகக் குழாய் போட்டுவிட்டது. அதனால் கட்ரா ஏரியிலிருந்து கிளம்பும் ஆறு பன்ச் பவுல் என்ற பள்ளத்தில் மறைந்து, அப்புறம் வெளியே வந்து, கோர்ட் ஆறு என்ற பெயரில் ஊருக்குள் ஓடி, ஊரைத் தாண்டியதும் மறுபடி முங்கி, கூல் ஏரிக்கு வந்து சேர்கிறது. அந்த ஏரியிலிருந்து கடலுக்குப் போகத் தரைமேல் வழியே கிடையாது. ஊரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி, கின்வாராவில், கடலோர ஊற்றுகளாகத்தான் அந்த நீர் வெளிப்படுகிறது.

சிக்கல் அந்தக் குழாய்களின் அளவில் இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரே ஒரு தூம்பு இருந்து மழை கொட்டினால் என்ன ஆகும்? அதேதான். உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு, போதாக்குறைக்கு கடல் ஏறும்போது ஊற்று வாயில் எதிர் அழுத்தம் வேறு. போக இடமில்லாத நீர், அதுவரை தன்னை விழுங்கிய துளைகள் வழியாகவே மேலே பொங்கி, ஆடுமாடு மேய்ந்த புல்வெளியை ஏரியாக்கிவிடும். இதற்கு டர்லோ என்று பெயர், 'வறண்ட ஏரி'. கோடையில் அது மறுபடி புல்வெளி.

இங்கே கரை கட்டித் தடுக்கும் பேச்சு அவ்வளவாகச் செல்லாது, நீர் கரைக்கு உள்பக்கத்திலேயே முளைக்கும். வந்தால் வாரக்கணக்கில் வடியாது. கவிஞர் யேட்ஸ் 35 பவுண்டு கொடுத்து வாங்கிய பாலிலீ கோபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது, அதுவும் 2009 வெள்ளத்தில் மூழ்கிச் சேதமானது. கோடையில் போகிறவர்கள் டர்லோவைச் சுற்றியுள்ள பாறைகளையும் மரங்களையும் பார்க்கலாம்: நீர் ஏறிய மட்டம் வரை கரும்பாசி படர்ந்திருக்கும், சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே.