நூலுக்குத் தடிப்பு, உருண்டைக்கு நிறை

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குறோசே பழகும் பிள்ளைகளுக்கு இப்போது தமிழிலேயே குறிப்புத் தாள்கள் கிடைக்கின்றன. நல்ல விடயம். ஆனால் கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் என் கைக்கு வந்த தாள்களில், தேவையான பொருட்களின் முதல் வரியே ‘நூல் எடை: நடுத்தரம்’ என்று இருக்கிறது. அதை நம்பிக் கடைக்குப் போகிற பிள்ளை, “அண்ணை, நடுத்தர எடை நூல் இருக்கோ?” என்று கேட்கிறது. “எத்தனை கிராம், பிள்ளை?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எடை என்றால் கிராம்தானே? கடைசியில் பிள்ளை 50 கிராம் உருண்டை ஒன்றோடு வீட்டுக்கு வருகிறது. அந்த நூலோ தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் மொத்தம். தாளில் சொன்ன 5.5 மில்லிமீற்றர் ஊசியால் அதைப் பின்னினால் பை வராது, வலைதான் வரும்.

குறோசே என்பது பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று பொருள். அதில் சிக்கல் இல்லை, அப்படியே இருக்கட்டும். நூலின் தடிப்பை ஆங்கிலத்தில் ‘வெயிட்’ என்பார்கள், சிக்கல் அந்தச் சொல்லில்தான். நூலின் குறுக்களவை அடிமட்டம் வைத்து அளக்க முடியாது. அமத்தினால் சப்பும், விட்டால் உப்பும். அதனால் நூல் நூற்பவர்கள் குறித்த நீள நூலை நிறுத்துப் பார்த்தே தடிப்பைக் கணித்தார்கள். 1000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பது டெக்ஸ். 9000 மீற்றர் எத்தனை கிராம் என்பது டெனியர். பருத்தி நூலின் ஆங்கிலேய நம்பர் இதற்கு நேர் எதிர். 840 யார் நீளக் கழிகள் எத்தனை சேர்ந்தால் ஒரு இறாத்தல் என்பதே அந்த நம்பர். ஆகவே நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நிறுத்தது தராசில் என்றாலும், அறிய விரும்பியது தடிப்பை.

மொழிபெயர்த்தவர்கள் அகராதியைத் திறந்து ‘எடை’ என்று எழுதிவிட்டார்கள். நம்முடைய பாடப்புத்தக வழக்கப்படி அதை ‘நிறை’ என்று மாற்றினால் சரி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதுவும் ஒப்பவில்லை. எடை என்றாலும் நிறை என்றாலும் படிப்பவரின் மனம் தராசுக்கே போகும். நூல் உருண்டையின் மேற்தாளில் உண்மையான நிறையும் 50 கிராம், 100 கிராம் என்று அச்சிட்டிருக்கும்போது, அதே சொல்லை இன்னொன்றுக்கும் கொடுத்தால் பழகுகிற பிள்ளை எதைப் பிடிப்பது? 100 கிராம் மெல்லிய காலுறை நூலில் ஏறத்தாழ 400 மீற்றர் வரும். மொத்தமான நூலில் அதே 100 கிராமுக்கு 120 மீற்றர் வந்தாலே பெரிது. நிறை ஒன்று, நூல் வேறு. போதாக்குறைக்குப் பருத்தி அக்ரிலிக்கைவிடப் பாரம். ஒரே தடிப்பில் இரண்டையும் வாங்கினால் 100 கிராம் பருத்தியில் நீளம் குறையும். வன்னி வெயிலுக்கு நாங்கள் பெரும்பாலும் பருத்தியைத்தான் பின்னுகிறோம். ஆகவே இந்தக் குழப்பம் எங்களுக்கு இரட்டிப்பு.

தமிழ்நாட்டுத் தாள்களில் ‘தடிமன்’ என்று எழுதுகிறார்கள். அங்கே அது சரி. இங்கே தடிமன் என்றால் மூக்கடைக்கும் சளி. அதை அப்படியே எடுத்து வன்னிப் பிள்ளைக்குக் கொடுப்பது கவனக்குறைவு. ‘பருமன்’ நல்ல சொல்தான். ஆனால் இங்கே பள்ளிக்கூடத்தில் அது கணியங்களின் அளவைச் சொல்லும் கலைச்சொல்லாகிவிட்டது. ‘தடிப்பு’ என்ற சொல்லைப் பலகைக்கும் தகரத்துக்கும் கயிற்றுக்கும் நாளாந்தம் சொல்கிறோம், பாடப்புத்தகத்திலும் அதுவே இருக்கிறது. நூல் தடிப்பு என்றால் யாருக்கு விளங்காது? முல்லைத்தீவில் மீன்பிடிக்கத் தங்கூசி என்ற நைலோன் நூல் வாங்குபவரும் தடிப்பைப் பார்த்துத்தான் வாங்குவார்.

இதைவிட மோசமான ஒன்றும் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் நூல் நிறுவனங்களுடைய சங்கமான கிராஃப்ட் யார்ன் கவுன்சில் நூல்களை 0 முதல் 7 வரை தடிப்புப்படி வரிசைப்படுத்தியிருக்கிறது. 0 மிக மெல்லிய லேஸ் நூல், 7 மிக மொத்தமான ஜம்போ. இதில் 3-ஐ ஆங்கிலத்தில் ‘லைட்’ என்பார்கள். ஒரு தாளில் அது ‘வெளிர் நூல்’ ஆகியிருந்தது! தடிப்பு நிறமாகிவிட்டது. கருநீலத்தில் 3-ஆம் தடிப்பு நூல் வாங்கவேண்டியவர் வெளிர் நீலத்தைத் தேடி அலைவார். தாள் எழுதியவர் ஒருநாளாவது ஊசி பிடித்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார். மொழிபெயர்ப்புக்குக் கூலி கொடுப்பவர்கள், பின்னத் தெரிந்த ஒரு அக்காவிடம் தாளை ஒருதரம் காட்டக்கூடாதா?

நூலில் முறுக்கியிருக்கும் இழையைக் குறிக்கும் ‘பிளை’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘அடுக்கு’ என்று எழுதுவதும் பிழை. அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது. நூலில் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கின்றன, அதற்குத் தமிழில் எப்போதோ சொல் இருக்கிறது: புரி. முப்புரி நூல் என்கிறோமே, அதுதான்.

சொல் சரியானால் நூல் சேர்ப்பதும் இலகு. மேற்தாள் இல்லாத நூலை அடிமட்டத்தில் இறுக்காமல், இடைவெளி விடாமல், ஒரு அங்குலத்துக்குச் சுற்றிப் பாருங்கள். 11 முதல் 15 சுற்றுப் பிடித்தால் தடிப்பு 3. 9 முதல் 12 என்றால் தடிப்பு 4. இரண்டிலும் அடங்கும் 11, 12 என்று வந்தால் பின்னிப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். தடிப்பு 1 நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் கிட்டத்தட்ட தடிப்பு 3 வரும். அந்த இரண்டும் வேறு நிறமாக இருந்தால் கலங்கல் நிறம் கிடைக்கும். மண் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் மிக வடிவு. ஆனால் ஒரே பையில் தடிப்பு 3-ஐயும் 5-ஐயும் வரி மாற்றிப் பின்னினால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் விளிம்பு நெளியும். அப்புறம், ஒரே நிறத்தில் பல உருண்டை வாங்கும்போது சாயத் தொகுதி இலக்கத்தையும் பாருங்கள். இலக்கம் மாறினால் நிறமும் சற்று மாறும்.

தாளின் முதல் வரி இப்படி இருந்தால் போதும்: ‘பருத்தி நூல், தடிப்பு 3, கருநீலம், 50 கிராம் உருண்டை இரண்டு, 4 மில்லிமீற்றர் ஊசி.’