இரவு ஷிஃப்ட் முடிந்தால் வீடு சேர்ப்பது யார் பொறுப்பு?

நாகர்கோவில் ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ வேலை கிடைத்தும், "ராத்திரி எப்படி வீடு வந்து சேருவ?" என்ற கேள்வியாலேயே அதை விட்டுவிட்டு, ஊருக்குள் குறைந்த சம்பளத்துக்குப் போகும் பெண்கள் குமரி மாவட்டத்தில் உண்டு. அந்தக் கேள்விக்கு முதலாளியும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அரசாணை.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள், நிறுவனங்கள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு அனுமதித்தது. 2022, 2025 ஆண்டுகளில் அது நீட்டிக்கப்பட்டது. அதிலுள்ள நிபந்தனைகள்: சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கக் கூடாது. 8 மணி முதல் காலை 6 வரை வேலை செய்ய, அவர்களே எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். ஷிஃப்டில் வரும் பெண்களுக்கு வாகன வசதி செய்து, அந்த விவரத்தை முகப்பில் அறிவிப்பாக வைக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கு வேறு சட்டம்.

சிக்கல் வருவது சம்மதக் கடிதத்தில்தான். மற்ற தாள்களோடு சேர்த்து நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி எத்தனை மணிக்கு, எதுவரை வரும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால், அங்கிருந்து வீடு வரையுள்ள இருட்டுப் பாதைதானே பயமே! கையெழுத்திட்டதை போனில் படமெடுத்து வையுங்கள்.

"பஸ்தான் இலவசமாச்சே, வண்டி எதுக்கு?" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2021 மே 8 முதல் நடக்கும் விடியல் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். அடையாள அட்டை வேண்டாம், வருமான வரம்பும் கிடையாது. கட்டணமில்லாச் சீட்டை மட்டும் மறக்காமல் வாங்குங்கள். திருவனந்தபுரம் வண்டியில் ஏறினால், தக்கலையில் இறங்குவதானாலும் காசு கொடுக்கத்தான் வேண்டும். கேரள அரசு பஸ்ஸுக்கும் இது செல்லாது.

வாகன வசதி தராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நிறுவன வண்டியில் பாலியல் தொல்லை நடந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வண்டியும் பணியிடமே. 3 மாதத்துக்குள் நிறுவனத்தின் உள் புகார் குழுவில் எழுதிக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். 10 பேருக்குக் குறைவான கடை என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். வழியில் உடனடி ஆபத்து என்றால் 112. ஆலோசனைக்கும் உதவிக்கும் 181.