டீ குடித்தால் தூக்கம் எங்கே போகிறது?

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பியதும் பாம்பனிலிருந்து ஒரு வாசகர் கேட்டார்: “விசைப்படகில் டிரைவராக இருக்கிறேன் சார். ராத்திரி கண் சொக்கும்போது ஸ்ட்ராங்காக ஒரு டீ குடித்தால் தெளிந்துவிடுகிறது. அந்தத் தூக்கம் எங்கே போகிறது?”

எங்கேயும் போவதில்லை.

செல்கள் வேலை செய்ய ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் பொருள் வேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். மூளைச் செல்கள் அதைச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற பொருள் மிஞ்சுகிறது. விழித்திருக்க விழித்திருக்க இது செல்களுக்கு வெளியே சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தது சும்மா இருக்காது. செல்களின் மேல் அதற்கென்றே உள்ள ‘ஏற்பி’ என்ற இருக்கைகளில் போய் உட்கார்ந்து, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் செல்களை அடக்கும். நள்ளிரவில் இமை கனப்பது இதனால்தான். தூங்கினால் அடினோசின் வடிந்துவிடும்.

டீயிலுள்ள கஃபீன் செய்வது ஓர் அழகான திருட்டு வேலை. வடிவத்தில் அடினோசினைப் பெரிதும் ஒத்திருப்பதால் அதே ஏற்பியில் போய்ப் பொருந்திவிடும். ஆனால் ஏற்பியை இயக்காது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். அடினோசினுக்கு உட்கார இடமில்லை. ஆனால் அது கலைந்து போய்விடவில்லை. வெளியே மேலும் மேலும் சேருகிறது. ரத்தத்தில் கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். துண்டு ஒவ்வொன்றாக எடுபட எடுபட, காத்திருந்ததெல்லாம் ஏறி உட்காரும். கரை திரும்பும் விடியற்காலையில் கண் இருட்டிக்கொண்டு வருவதற்கு இது ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்து படுத்தாலும் மூளையின் கடிகாரம் பகல் என்று சொல்லும், தூக்கம் அரைகுறைதான். இது தொடர்ந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, அடிக்கடி சளி என்று ஒவ்வொன்றாக வரக்கூடும். தூக்கம் கெட்டவர்களுக்கு ‘அமுக்குவான்’, அதாவது படுக்கையில் யாரோ அமுக்குவதுபோல் கைகால் அசைக்க முடியாமல் போவது, வருவதும் அதிகம். கனவு காணும்போது தசைகள் செயலிழந்திருக்கும். அது விலகுவதற்குள் மூளை மட்டும் விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பேய் ஓட்டுபவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

“எனக்குப் பழகிடுச்சு” என்பவர்களுக்கு ஒன்று. 2003-இல் வெளியான ஆய்வில் சிலரை 14 நாள் தினமும் 6 மணி நேரமே தூங்கவிட்டார்கள். முடிவில் ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்கு அவர்களின் கவனம் தடுமாறியது. அவர்களோ தமக்கு அப்படியொன்றும் தூக்கக் கலக்கம் இல்லை என்றார்கள்! 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதற்குச் சமம். சாலையில் வண்டி ஓட்ட நம் சட்டம் விட்டுவைப்பது 0.03 வரைதான்.

விமானிக்கும் லாரி டிரைவருக்கும் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. மீனை ஆராய மண்டபத்தில் 1940-களிலிருந்தே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மீன் பிடிப்பவரின் தூக்கத்தை அளக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன?

சரி, இன்றைக்குக் கடலுக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு வழி: டீயைக் குடித்த கையோடு சுக்கானை விவரமான இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு 20 நிமிடம் கண்ணசருங்கள். கஃபீன் வேலையைத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் கொஞ்சம் அடினோசினும் வடிந்திருக்கும்.