வாட்சிங் பிரீஃப்: தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய நகரமொன்றில் குடிநீர்க் குழாய் மாற்றவோ கேபிள் புதைக்கவோ தெருவைத் தோண்டும்போது, தொல்லியலாளர் ஒருவர் உடனிருந்து, மண்ணிலிருந்து வெளிப்படுவதைப் பதிவு செய்யும் பணிக்கு பிரிட்டனில் வழங்கிவந்த பெயர் 'வாட்சிங் பிரீஃப்'. தோண்டுபவர் அவரல்லர், எங்கே, எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்பவரும் அவரல்லர். அகழாய்விலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

சொல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 'பிரெவிஸ்' என்றால் லத்தீனில் 'குறுகிய'. வழக்கின் சாரத்தைச் சுருக்கி வழக்கறிஞரிடம் தரும் கட்டு 'பிரீஃப்' ஆயிற்று; பிறகு அவரிடம் ஒப்படைத்த பொறுப்பையும் அது குறித்தது. வழக்கில் நேரடித் தரப்பாக இல்லாத ஒருவர், தம் நலன் கருதி, நடப்பதைக் கவனிக்க மட்டும் வழக்கறிஞரை அமர்த்தினால் அது வாட்சிங் பிரீஃப்.

ஆகவே 'கவனிப்புக் குறிப்பு' என்று பெயர்ப்பது தவறு. 'மேற்பார்வை'யும் பொருந்தாது, குழாய்ப் பணியை மேற்பார்ப்பவர் ஒப்பந்ததாரரின் ஆள். 'தொல்லியல் கண்காணிப்பு' என்பதே சரி. 'கண்காணி' நமக்கு மிகப் பழைய சொல். திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைப் பார்ப்பவர் கண்காணி. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் அது 'கங்காணி'யாகி, கூலியாட்களை வேலை வாங்குபவரைக் குறித்தது. ஆங்கிலமும் அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை என்பதால் 'தொல்லியல்' என்ற அடையை விடக்கூடாது. இங்கே கண்காணிக்கப்படுவது மண், குழி வெட்டும் தொழிலாளி அல்ல.

இங்கிலாந்தின் யார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 71 அளவில் ரோமானியர் கட்டிய கோட்டை, அதற்குமேல் வைக்கிங் குடியிருப்பு, அதற்கும்மேல் இடைக்கால நகரம். ஈரம் ஊறிய மண்ணில் மரமும் தோலும்கூட மக்காமல் கிடக்கின்றன. இத்தகைய தெருவில் பொக்லைனின் பல்வைத்த வாளியைக் கழற்றி, நேர்விளிம்பு வாளியை மாட்டச் சொல்வார்கள். பல் கீறிய மண்ணில் அடுக்குகளின் எல்லை தெரியாது. கருத்த மண்ணோ கல்வரிசையோ தென்பட்டால் இயந்திரம் நிற்க வேண்டும். தொல்லியலாளர் குழியின் பக்கச்சுவரைக் கரணையால் சீவி, அடுக்குகளுக்கு எண் கொடுத்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, வரைந்து முடிக்கிறார். குழாய் இறங்கிவிட்டால், வெட்டியெடுத்த மண்ணில் இருந்ததற்கு அந்த வரைபடம்தான் சாட்சி.

உடன் நிற்பதைவிடப் பதிவதே இதில் பெரிய வேலை. பெயரில் அது வராதது பழைய சொல்லின் குறை. 2023-இல் பிரிட்டனின் பட்டயத் தொல்லியலாளர் நிறுவனம் தன் தரநெறியில் பழைய பெயரைக் கைவிட்டு, 'தொல்லியல் கண்காணிப்பும் பதிவும்' என்று பொருள்படும் பெயரை ஏற்றது. தமிழில் ஒப்பந்தப் பத்திரம் எழுதுவோரும் இந்த முழுப் பெயரையே எழுத வேண்டும். வெறும் 'கண்காணிப்பு' என்று எழுதினால், ஆளை நிறுத்தப் பணம் ஒதுக்குவார்கள். வரைவதற்கு இயந்திரத்தை நிறுத்தமாட்டார்கள்.