'தொழில்' என்ற இடத்தில் ஒரு கோடு

சென்ற செவ்வாய்க்கிழமை தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்கொன்றுக்காகச் சட்டத்தரணியான என்னிடம் வந்த பெண், பொலித்தீன் பையிலிருந்து திருமணச் சான்றிதழை எடுத்துத் தந்தார். அதில் 'தொழில்' என்ற இடத்தில் கணவருக்குச் 'சாரதி' என்று எழுதப்பட்டிருந்தது. இவருக்கு ஒரு சிறு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அதே பையில் பால் கணக்கு எழுதும் கொப்பியும் இருந்தது. காலை ஆறு லீற்றர், மாலை மூன்று லீற்றர் என்று நாள் தவறாமல் பதிந்திருந்த கையெழுத்து அவருடையது. அட்டையில் இருந்த பெயர் கணவருடையது. புல் அறுத்துச் சுமப்பதும், விடியுமுன் எழுந்து பால் கறப்பதும், சேகரிப்பு நிலையம் வரை கேனைத் தூக்கிச் செல்வதும் அவர்தான். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "வேலையெல்லாம் இல்ல மிஸ், வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார்.

இந்தச் 'சும்மா'வை நான் கேட்பது இந்த மாதத்தில் இது நான்காவது முறை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவரோடு சமாதானம் பேசுவதற்கென்று கணவரின் அண்ணனும் வந்திருந்தார். பொம்பளைக்கு வீடுதான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், அந்தக் காலத்திலிருந்து நம்முடைய வழக்கமே அதுதான் என்று அவர் தொடங்கினார். சட்டத்தைப் பற்றி ஒருவர் தவறாகப் பேசினால் திருத்திவிட்டுப் போய்விடுவேன், அது என் அன்றாட வேலை. ஆனால் நான் தமிழ் படித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போனவள் என்பதால், இலக்கியத்தைப் பொய்ச் சாட்சிக்கு இழுத்து வரும்போது என்னால் பொறுக்க முடிவதில்லை.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்தின் எந்தக் கலியாண மண்டபத்திலும் வாழ்த்துரை சொல்லும் ஒருவராவது குறுந்தொகையின் 135ஆம் பாட்டிலிருந்து "வினையே ஆடவர்க்கு உயிரே" என்று தொடங்கி, மனையில் உறையும் மகளிர்க்கு ஆடவரே உயிர் என்பதோடு நிறுத்திக்கொள்வார். பாட்டு அங்கே நிற்கவில்லை. "என நமக்கு உரைத்தோரும் தாமே" என்பது அடுத்த அடி. அதாவது, பொருள் தேடப் பிரிந்துபோகப் பார்க்கும் தலைவன் தானே முன்பு சொன்ன பேச்சை, தலைவியைத் தேற்றும் தோழி எடுத்துக்காட்டி, "அழாதே, அவர் போவதை நிறுத்திவிடுவார்" என்கிறாள். ஆண் சொன்ன சொல்லை வைத்தே அவனை மடக்கும் பாட்டைப் பாதியில் வெட்டிப் பெண்களுக்கு விதியாக ஓதுகிறோம். பாதி ஆவணத்தைக் காட்டி வழக்காடினால் எந்த நீதவானும் கேட்கும் முதற் கேள்வி, மீதிப் பக்கம் எங்கே என்பதுதான்.

வள்ளுவர் 'வாழ்க்கைத் துணைநலம்' என்று ஓர் அதிகாரம் வைத்தார், கணவனைத் தொழுதெழுபவள் பெய் என்றால் மழை பெய்யும் என்றும் அதில் எழுதினார். இவற்றை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முந்திய அதிகாரமாகிய 'இல்வாழ்க்கை'யை அந்த அண்ணன் படித்திருக்க வாய்ப்பில்லை. அது "இல்வாழ்வான் என்பான்" என்றுதான் தொடங்குகிறது. விருந்தோம்பல், சுற்றம் பேணுதல், பகுத்துண்ணுதல் என்று வீட்டுக் கடமைகள் அத்தனையும் அங்கே ஆணின் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அவனுடைய சான்றிதழில் யாரும் கோடு கிழிப்பதில்லை.

அந்தப் பால் கொப்பியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவள் சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள், அதாவது இடையர் குலப் பெண். அவள் இருள் பிரியும் நேரத்தில் எழுந்து தயிரைக் கடைந்து, சும்மாட்டின் மேல் பானையை வைத்துக்கொண்டு மோர் விற்கப் போகிறாள். மோருக்கு மாற்றாகப் பெற்றதைக் கொண்டு வீட்டாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பசும்பொன்னைக் கட்டித் தந்தால் வேண்டாம் என்று சொல்லி, எருமையும் பசுவும் கன்றுமாகக் கேட்டு வாங்குகிறாள். என்ன வாங்குவது என்று முடிவெடுப்பவள் அவள், கணவனிடம் கேட்டுவருகிறேன் என்ற பேச்சே அங்கு இல்லை. என் கட்சிக்காரரோ பாலின் விலை எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது என்பதைக்கூட அறியாதவர்.

இலக்கியம் இருக்கட்டும், இந்த மலையில் பெண் வீட்டில் இருப்பது எந்தக் காலத்து வழக்கம் என்று அந்த அண்ணனிடமே கேட்டேன். கோப்பி (காப்பி) பயிரிட்ட காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டுமே அதிக ஆட்கள் தேவைப்பட்டதால் பெரும்பாலும் ஆண்களே வந்து திரும்பினார்கள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிராகி, 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்த பிறகு, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டியிருந்ததால் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் கையை நம்பித்தான் தேயிலைத் தோட்டங்களே நடந்தன. பெண் வீட்டில் இருப்பதே வழக்கம் என்றால் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா தோட்டத்துக்குத் தோட்டம் எதற்கு? 1930களில் மீனாட்சி அம்மாள், தொழிற்சங்கத் தலைவரான கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டங்களில் பாடி ஆட்களைத் திரட்டியதும் வீட்டில் உட்கார்ந்துகொண்டல்ல. 1984 வரை ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்தக் குறைந்த சம்பளத்தையும் பல தோட்டங்களில் கணவனே கையெழுத்து வைத்து வாங்கினான். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவேட்டில், என் அம்மாவின் பெயருக்கான காசை அப்பா வாங்கி வருவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன்.

மகள் கூடை சுமக்கக் கூடாது, பனியிலும் அட்டைக்கடியிலும் நிற்கக் கூடாது என்று ஒரு தாய் ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. 'இல்லத்தரசி' என்ற சொல் நம் லயங்களில், அந்த வரிசைக் குடியிருப்புகளில், கௌரவமாகக் கேட்பது அந்த ஆசையால்தான். ஆனால் அந்தக் கௌரவம் படிவத்துக்குள் போகும்போது கோடாக மாறிவிடுகிறது. அரசாங்கத்தின் தொழிற்படைக் கணக்கெடுப்பிலும் வீட்டு வேலையில் மட்டும் ஈடுபடுபவர்கள் பொருளாதார ரீதியில் செயற்படாதோர் வரிசையிலேயே சேர்க்கப்படுகிறார்கள். அதே பெண் அதே சமையலையும் துணி துவைத்தலையும் மத்திய கிழக்கில் இன்னொருவர் வீட்டில் செய்தால், ஒப்பந்தத்தில் அவருக்கு ஒரு தொழிலும் சம்பளமும் உண்டு.

இனிச் சட்டம். திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண், பெண்ணுக்குரிய வயதான 50 வரை காத்திருக்காமல் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளலாம். ஆணுக்கு அந்த வழி இல்லை, அவர் 55 வரை காத்திருக்க வேண்டும். கலியாணம் என்றால் பெண்ணின் உழைப்புக் காலம் முடிந்தது என்று எண்ணியே இப்படி எழுதினார்கள் என்பது என் கருத்து. சலுகை என்று நினைத்து எடுக்கிறீர்கள். எடுத்த பணம் சீர்வரிசையாகவோ கணவரின் ஆட்டோவுக்கு முற்பணமாகவோ போய்விடுகிறது. என் கட்சிக்காரருடைய ஆறு வருடச் செக்ரோல் உழைப்பு இன்று அவர் ஏற முடியாத ஓர் ஆட்டோவாக ஓடிக்கொண்டிருக்கிறது. எடுக்காதீர்கள், தயவுசெய்து. எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதில் வாங்கும் பொருளை உங்கள் பெயரில் பதியுங்கள். மணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்திருக்கலாம் என்று 1923ஆம் ஆண்டிலேயே கட்டளைச்சட்டம் வந்துவிட்டது.

தொழில் என்ன என்று யார் கேட்டாலும் 'சும்மா' என்று சொல்லாதீர்கள், பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது கட்டாயம் சொல்லாதீர்கள். பால் கொப்பி, மரக்கறி விற்ற துண்டு, தையல் கணக்கு எதையும் அடுப்பில் போடாதீர்கள். வங்கிப் புத்தகம் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும். வருமானம் இருப்பதாகச் சொன்னால் தாபரிப்புக் கிடைக்காது என்று பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) சொன்னதைக் கேட்டு மறைப்பவர்கள் உண்டு. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி நீதிமன்றம் இரு தரப்பின் வசதியையும் பார்த்தே தீர்மானிக்கிறது, பிள்ளைக்கான தாபரிப்பு பிள்ளையின் உரிமை. மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் உங்கள் உண்மையான பேச்சும் எடுபடாது. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் குடும்பம் நடத்திய அதே கண்ணகிதான் வழக்குரை காதையில், வாய்ப்பேச்சை நம்பி நிற்காமல், சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டினாள்.

நீதிமன்றத்துக்கான சத்தியக் கடதாசியில் (உறுதிமொழிப் பத்திரத்தில்) 'தொழில்' என்ற இடத்துக்கு வந்தபோது 'கால்நடை வளர்ப்பு' என்று தட்டச்சு செய்யச் சொன்னேன். "மாடு அவரு பேருலதானே மிஸ் இருக்கு" என்று தயங்கினார். யார் காசில் வாங்கியது என்று கேட்டதற்கு, மகளிர் சங்கத்தில் தான் எடுத்த கடனில் என்றார். அந்தக் கடன் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, வழக்குத் தவணைக்கு முன்பாக வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.