ரிலீஸ் ஆர்டரில் ஒரு வரி

போன மாதம் ஒரு முன்னாள் ராணுவ கேப்டன் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வயது 33. ஷார்ட் சர்வீஸில், அதாவது குறித்த காலத்துக்கு மட்டுமான அதிகாரிப் பணியில், எட்டு வருடம். அதில் பெரும்பகுதி அருணாச்சலப் பிரதேசத்தில். "எல்லைப் பக்கமே ஒரு அரசு வேலை வேணும் சார். அந்த ஜனங்களோட எனக்கு நல்ல பழக்கம்" என்றார்.

கையில் பிளாஸ்டிக் ஃபைல். பாராட்டுக் கடிதங்கள் மேலே, படையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீஸ் ஆர்டர் அடியில். நான் எப்போதும் அடியில் இருப்பதைத்தான் முதலில் உருவுவேன். "சொந்த வேண்டுகோளின் பேரில்" என்றிருந்தது. அப்பாவின் உடல்நிலைக்காக, 10 வருட ஒப்பந்தம் முடியுமுன்பே எழுதிக்கொடுத்து விலகியிருக்கிறார்.

அரசு வேலையில் சலுகை 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதிக்குத்தான். சீருடை போட்டவர் எல்லாரும் சட்டப்படி அப்படி ஆகிவிடுவதில்லை. 1979-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, ஓய்வூதியம் பெறும் தகுதியோடு வந்தவர் தானே கேட்டு விலகியிருந்தாலும் பரவாயில்லை. ஓய்வூதியம் இல்லாத ஷார்ட் சர்வீஸ் அதிகாரி குறித்த காலத்தை முடித்து, பணிக்கொடையோடு வந்திருக்க வேண்டும். உடல்நலக் குறைவால் படையே அனுப்பிவைத்தால் அது வேறு. இவர் எதிலும் வரவில்லை.

சிவில் சர்வீஸ் தேர்வில் பொதுப் பிரிவுக்கு உச்ச வயது 32. ஐந்து வருடமாவது பணியாற்றி, காலத்தை முடித்து வந்த அதிகாரிக்கு 37 வரை சலுகை உண்டு. இவருக்கு அந்த ஐந்து வருடச் சலுகையும் போயிற்று. "ரெண்டே வருஷம்தானே சார் பாக்கி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

காலத்தை முடித்தவர்களுக்கும் வழி அகலமில்லை. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளான குரூப் சி-யில் 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதிகாரிகள் கண் வைக்கும் உயர்நிலைப் பணிகளான குரூப் ஏ-யில் அசிஸ்டென்ட் கமாண்டன்ட் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைப் பதவிகளைத் தவிர ஒதுக்கீடே கிடையாது. அதற்கும் உச்ச வயது 25, சலுகை சேர்த்தால் 30. 22 வயதில் அதிகாரியாகச் சேர்ந்தவர் 10 வருடம் முடிக்கும்போது வயது என்ன? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இந்த விதியை எழுதியவர்கள் அதைப் போட்டுப் பார்த்தார்களா என்பது என் சந்தேகம்.

எல்லையில் வேலை கேட்டு வருகிறவர்களில் மேஜர் பாப் காத்திங்கை மேற்கோள் காட்டாத ஆள் இல்லை. 1951-இல் அசாம் ரைபிள்ஸ் படையோடு நடந்தே போய், இன்றைய அருணாச்சலில் உள்ள தவாங்கில் இந்திய நிர்வாகத்தை நிறுவியவர். பிறகு 1950-களில் எல்லை நிர்வாகத்துக்கென்றே தனிச் சேவை தொடங்கி, ராணுவ அதிகாரிகளை நேர்முகத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சேவை இப்போது இல்லை. இன்று எல்லைப் பகுதி வேலைக்கு 'பார்டர் கோட்டா' வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். ஐஏஎஸ் ஆனாலும் அருணாச்சல் அடங்கிய கேடர், அதாவது பணியாற்றும் மாநிலத் தொகுதி, கிடைப்பது தரவரிசையையும் ஒதுக்கீட்டையும் பொறுத்தது.

நான்கு நாள் கழித்து அந்தக் கேப்டனின் ஜூனியர் போன் செய்தார். இன்னும் பணியில் இருக்கிறார், ஒப்பந்தம் முடிய 11 மாதம். அவரும் விலகல் கடிதம் தயாராக வைத்திருந்தாராம். ஒரு வருடத்துக்குள் காலம் முடிகிறவர்கள் இப்போதே வயதுச் சலுகையோடு விண்ணப்பிக்கலாம் என்றேன். "அப்போ இந்த லெட்டர் சார்?"

"கிழிச்சுப் போடுங்க."