பீம்ஃபார்மிங்கைத் திருத்தும் முன் சேனலை அளந்த விதத்தைப் பாருங்கள்

எட்டு ஃபோன்களை ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் இயக்கிப் பார்த்த ஒரு சோதனை. பேஸ் ஸ்டேஷனில் 64 ஆன்டெனா. தனித்தனியாக இணைத்தபோது எட்டு ஃபோன்களும் நன்றாக ஓடின. ஆறாவதையும் ஏழாவதையும் சேர்த்து இயக்கினால் மட்டும் ஆறாவதின் வேகம் சரிந்தது. பீம்ஃபார்மிங் கணக்கில், அதாவது பல ஆன்டெனாக்களின் சிக்னலை ஒருவரை நோக்கிக் குவிக்கும் கணக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, வாரக்கணக்கில் அதையே திருத்திக்கொண்டிருந்தோம். கோளாறு அங்கே இல்லை. இரண்டு ஃபோன்களின் சேனலையும் நாங்கள் தப்பாக அளந்திருந்தோம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும் இதே இடத்தில் சிக்குவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஒவ்வொரு ஃபோனுக்கும் நடுவே சிக்னல் எவ்வளவு தேய்கிறது, அதன் ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்க நிலை) எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் சேனல். ஃபோன் தனியாக இருந்தால் இதை அளப்பதில் கொஞ்சம் பிசகினாலும் பெரிய நஷ்டமில்லை. பீம் சற்று வலு குறையும், அவ்வளவுதான். பல பேர் ஒரே அலைவரிசையைப் பகிரும்போது நிலைமை வேறு. ஒருவருக்கு அனுப்புவது மற்றவர் இருக்கும் இடத்தில் பூஜ்யமாகக் கழிந்துபோக வேண்டும். அளவில் இருக்கும் பிழை அந்தப் பூஜ்யத்தைக் கெடுத்து, அடுத்தவருக்குக் குறுக்கீடாகப் போய்ச் சேரும்.

சரி, எங்கள் சோதனைக்கு வருகிறேன். 5ஜியில் ஃபோன்கள் எஸ்.ஆர்.எஸ். என்ற அளவீட்டு சிக்னலை அனுப்பும், பேஸ் ஸ்டேஷன் அதைக் கேட்டு சேனலைக் கணிக்கும். நாங்கள் பயன்படுத்தியது சப்கேரியர்களுக்கு (அலைவரிசையைப் பிரிக்கும் சிறு துண்டுகளுக்கு) நடுவே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, ஒன்று விட்டு ஒரு சப்கேரியரில் பைலட் (முன்பே தெரிந்த அளவீட்டு சிக்னல்). இந்த அமைப்பில் தாமத அச்சில், அதாவது எதிரொலிகள் எவ்வளவு தாமதமாக வருகின்றன என்று காட்டும் அச்சில், கிடைக்கும் மொத்த நீளம் 16.7 மைக்ரோசெகண்ட். சைக்ளிக் ஷிஃப்ட் மூலம், அதாவது ஒவ்வொரு ஃபோனின் பைலட்டையும் வெவ்வேறு அளவு சுழற்றி நகர்த்தி, அதை எட்டாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 2 மைக்ரோசெகண்ட் ஜன்னல். ஒருவரின் எதிரொலிகள் எல்லாம் அந்த ஜன்னலுக்குள் வந்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

ஆறாவது ஃபோனுக்கு நேர்ப்பாதையைக் கட்டடம் மறைத்திருந்தது. தூரத்துக் குன்றில் பட்டுத் திரும்பிய அலை வலுவாக இருந்தது. அது சுமார் 700 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தது. அதாவது 2.3 மைக்ரோசெகண்ட் தாமதம். அது விழுந்தது ஏழாவது ஃபோனின் ஜன்னலில். பேஸ் ஸ்டேஷனைப் பொறுத்தவரை குன்றின் திசை ஏழாவது ஃபோனுக்குச் சொந்தம். ஏழாவதுக்கான பீம் அந்தப் பக்கமும் போனது, குன்றில் பட்டு ஆறாவதின் தலையில் இறங்கியது. ஆறாவதின் கணிப்பிலோ குன்றே இல்லை, அதனால் அந்தத் திசையில் கழித்தலும் நடக்கவில்லை.

எட்டு ஷிஃப்டை நான்காகக் குறைத்தோம். மீதி நான்கு ஃபோன்களை இடையில் காலியாக இருந்த சப்கேரியர்களுக்கு மாற்றினோம். ஜன்னல் 4 மைக்ரோசெகண்டுக்கு மேல் விரிந்தது, வேகம் திரும்பி வந்தது. இதற்கு விலை உண்டு: அந்த ஒரே சிம்பலில் (அனுப்பும் நேரத்தின் ஒரு சிறு துண்டில்) பதினாறு பேரை அளந்திருக்கலாம், இப்போது எட்டுப் பேர்தான்.

இதே தாமத அச்சு இன்னொரு விதத்தில் கைகொடுக்கும். எதிரொலிகள் 1 மைக்ரோசெகண்டுக்குள் அடங்கும் இடத்தில், மற்ற 15.7 மைக்ரோசெகண்டில் அந்த ஃபோனைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. அதை வெட்டி எறிந்தால் இரைச்சலில் பதினாறில் ஒரு பங்கு போலத்தான் மிஞ்சும். 12 டெசிபல் லாபம். 200 மில்லிவாட்டில் பேசும் ஃபோன் செல்லின் (ஒரு பேஸ் ஸ்டேஷன் எட்டும் பகுதியின்) ஓரத்தில் இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. சிக்கலான அல்காரிதம் தேடும் முன் இதைச் செய்திருக்கிறோமா என்று பாருங்கள்.

அப்புறம், அளவின் வயது. 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர். சுற்றிலும் எதிரொலிகள் நிறைந்த இடத்தில் ஃபோன் அதில் பாதி தூரம் நகர்ந்தாலே சேனல் வேறு. நடந்து போகிறவர் அந்த 4.3 சென்டிமீட்டரைச் சுமார் 30 மில்லிசெகண்டில் கடந்துவிடுவார். மணிக்கு 108 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு 1.4 மில்லிசெகண்ட் போதும். ஆகவே 40 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அளந்தால் அது நடப்பவருக்கே பழைய கணக்கு. வேகமாகப் போகிறவர்களைப் பல பயனர் குழுவில் சேர்க்காமல் விடுவது பல நேரம் எந்தக் கணிப்பு முறையையும்விட நல்ல முடிவு.

பக்கத்து செல்லில் அதே பைலட் ஓடினால் வரும் கலப்படத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆன்டெனாவை எவ்வளவு கூட்டினாலும் வழக்கமான கணிப்பில் இது மறையாது என்று 2010இல் பெல் லேப்ஸின் தாமஸ் மார்செட்டா காட்டினார். இரண்டு ஃபோன்களின் கோவேரியன்ஸும் (ஆன்டெனாக்களுக்கு இடையே சேனல் சராசரியாக எப்படி ஒத்துப்போகிறது என்ற கணக்கு) போதிய அளவு வேறுபட்டால் அவற்றைப் பிரிக்க முடியும் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. சராசரிப் பிழையைக் குறைந்தபட்சமாக்கும் எம்.எம்.எஸ்.இ. முறையின் பலமே இந்தக் கோவேரியன்ஸ்தான்.

சிமுலேஷனில் அது கையில் தயாராகக் கிடைக்கும். களத்தில் நாம்தான் அளக்க வேண்டும். 64க்கு 64 மேட்ரிக்ஸை இருபது மாதிரிகளை வைத்து மதிப்பிட்டுவிட்டு, கோவேரியன்ஸே தேவைப்படாத சாதாரண லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையைவிட மோசமான விடை வருகிறதே என்று குழம்புவார்கள். மாதிரி குறைவாக இருந்தால் மேட்ரிக்ஸை மூலைவிட்டத்தின் பக்கம் சுருக்கி (மற்ற எண்களைச் சிறிதாக்கி) பயன்படுத்துங்கள். நியூரல் நெட்வொர்க் கொண்டு கணிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: கற்றுக்கொடுத்த சேனல் மாடலில் குன்று இல்லையென்றால், குன்று வரும்போது அது தடுமாறும்.

ஃபோனிலிருந்து மேலே வரும் சேனலை அளந்து, ஃபோனுக்குக் கீழே அனுப்பப் பயன்படுத்துகிறோம் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றில் இரண்டு திசையும் ஒன்றுதான். அனுப்பும் சர்க்யூட்டும் வாங்கும் சர்க்யூட்டும் ஒன்றல்ல, வெப்பத்தோடு மாறவும் செய்யும். கணிப்பு துல்லியமாக இருந்தும் கீழிறங்கும் வேகம் மட்டும் குறைந்தால் முதலில் கேலிப்ரேஷனை, அதாவது இந்த இரண்டு சர்க்யூட்டுகளின் வேறுபாட்டைச் சரிசெய்யும் அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

சராசரிப் பிழை என்ற ஒற்றை எண்ணை நம்பிவிடாதீர்கள். எங்கள் எட்டு ஃபோன்களின் சராசரியும் நன்றாகவே இருந்தது. பயனர் வாரியாகத் தாமத அச்சில் வலுவை வரைந்து பார்த்த அன்றுதான் ஜன்னலைத் தாண்டி நின்ற அந்த முகடு கண்ணில் பட்டது. கணிப்புக்கு முந்தைய மூல பைலட் மாதிரிகள் சில நூறு மில்லிசெகண்டுக்குச் சேமிக்கப்பட்டிருந்ததால்தான் அதுவும் முடிந்தது. பெரும்பாலான சோதனைகளில் வேகமும் இறுதிக் கணிப்பும் மட்டும் பதிவாகும். அந்த மூல மாதிரிகளையும் சேர்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.